உருகவில்லை என்றால் குறையே இல்லையா?

மீண்டும் ஒரு பேட்டரிப் பெட்டியின் தரை என் மேசைக்கு வந்திருக்கிறது. மின்சார வாகனத்தின் அடியில் பேட்டரியைத் தாங்கும் அலுமினியத் தரை அது. நீளநீளமான பலகைகளை அருகருகே வைத்து உராய்வுக் கலக்கு வெல்டிங் மூலம், அதாவது உலோகத்தை உருக்காமல் உராய்வுச் சூட்டில் குழைத்துக் கலக்கி, இணைத்திருக்கிறார்கள். வண்டி ஓடத் தொடங்கிய சில மாதங்களிலேயே இணைப்பின் அடிப்பக்கத்தில் விரிசல். கூடவே ஒரு தடித்த கோப்பு: எக்ஸ்ரே படங்கள், இழுவிசைச் சோதனை அறிக்கை, எல்லாவற்றிலும் ‘குறை இல்லை’ என்ற முத்திரை. கடைசிப் பக்கத்தில், கையொப்பத்துக்கு மேலே, எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்த வாக்கியம்: “இது திடநிலை வெல்டிங் என்பதால் வெல்டிங் குறைகளுக்கு வாய்ப்பில்லை.”

வாக்கியத்தின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் எல்லாவற்றுக்கும் உலை வைக்கிறது.

இந்த முறையை 1991-இல், பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். கருவி சுழலும், அழுத்தும், நகரும். சூட்டில் குழைந்த உலோகம், கருவியின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையைச் சுற்றிப் பின்புறம் போய்ச் சேரும். இதில் விளக்குவதற்கு அதிகம் இல்லை. உருக்கி இணைப்பது மிகக் கடினம் என்று ஒதுக்கப்பட்டிருந்த 2000 வரிசை (செம்பு சேர்ந்தவை), 7000 வரிசை (துத்தநாகம் சேர்ந்தவை) அலுமினியக் கலவைகள் பலவற்றுக்கு இது விடிவுகாலம். 1999-இல் டெல்டா 2 ராக்கெட்டில் இப்படி இணைத்த பாகம் பறந்தது. ஃபால்கன் 9 ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகள், கப்பல் தளப் பலகைகள், ஜப்பானிய ரயில் பெட்டிகள், 2012-இல் வந்த மெல்லிய ஐமேக் கணினியின் உறை என்று பட்டியல் நீளும். அணுமின் நிலையக் கழிவைப் புதைப்பதற்கான ஸ்வீடன் நாட்டின் செப்புக் கலன்கள் 5 சென்டிமீட்டர் தடிமன் கொண்டவை. அவற்றின் மூடியும் இதே முறையில்தான் பூட்டப்படுகிறது. அங்கெல்லாம் வெற்றி பெற்றதால் இங்கும் தானாக வெற்றி வரும் என்று நினைக்கிறார்கள். அங்கே அழுத்த விசையை எவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

சரி, அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்; சுருக்கமாகச் சொல்லிப் பலன் இல்லை என்று பார்த்துவிட்டேன்.

உலோகத்தை உருக்கினால் என்னென்ன கேடு வரும்? உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உள்வாங்கும், உறையும்போது அதைக் குமிழிகளாக விட்டுவிடும். உறையும் கடைசித் தருணத்தில் சுருங்கி விரிசல் விடும். இவை திரவத்தால் வரும் குறைகள். திரவமே இல்லாதபோது இவை வருவதில்லை என்பது உண்மை. அதற்காக வேறு குறைகளே வராது என்று யார் சொன்னது? இங்கே உலோகம் குழைந்து ஓடுகிறது. ஓடுகிற பொருள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராமல் போனால் அதுவே குறை. நகர்வேகம் அதிகம், சுழல்வேகம் குறைவு, அழுத்தம் போதவில்லை என்றால், முளைக்குப் பின்னால் உலோகம் நிரம்பாமல் இணைப்பின் நீளத்துக்கும் ஒரு சுரங்கம் ஓடும். கருவியின் சுழற்சியும் நகர்வும் ஒரே திசையில் அமையும் பக்கத்தில்தான் பெரும்பாலும் இது இருக்கும். மேற்பரப்போ வழவழவென்று பளபளக்கும். சுரங்கமாவது பரவாயில்லை, எக்ஸ்ரேயிலோ அல்ட்ராசோனிக் சோதனையிலோ மாட்டிக்கொள்ளும்.

என் கவலை அடிப்பக்கத்தைப் பற்றியது. முளையின் நுனிக்கும், பலகைகளைக் கீழிருந்து தாங்கும் அடித்தகட்டுக்கும் இடையே விடும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பலகை 0.2 மில்லிமீட்டர் தடித்து வந்தால், அல்லது முளை அந்த அளவு தேய்ந்திருந்தால், அடியில் ஒரு மெல்லிய பட்டை கலக்கப்படாமலே நின்றுவிடும். சூடும் அழுத்தமும் மட்டும் அதை எட்டும். இரண்டு முகங்களும் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும், நடுவே ஆக்சைடு படலம் உடையாமல் கிடக்கும். தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டியும் ஒட்டாத இணைப்பு அது. எக்ஸ்ரே எதைக் காட்டும்? பொருள் குறைந்திருக்கும் இடத்தைக் காட்டும். இங்கே பொருள் குறையவில்லை, இடைவெளி இல்லை. படம் சுத்தமாகத்தான் வரும். அல்ட்ராசோனிக் கதிர்கூட, இறுக்கமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் முகங்களைக் கடந்து போய்விடக்கூடும். படத்தில் இல்லை என்பதால் பாகத்தில் இல்லை என்று எழுதிக் கையொப்பமிடாதீர்கள்.

இந்தத் தரையிலிருந்து வெட்டிய ஒரு துண்டை, அடிப்பக்கம் வெளியே பிதுங்கும்படி வளைத்தோம். கால்வாசி வளைவு வருவதற்குள் ஒரு மெல்லிய கோடு தோன்றியது. பிறகு சத்தமே இல்லாமல் வாய் திறந்தது. திறந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், மேலே இழுபட்டுக் கிழிந்த சாம்பல் நிறச் சொரசொரப்பு. கீழே, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பட்டை; அதில் ஒரே சீராக ஓடும் கோடுகள். பலகையின் ஓரத்தைக் கடைந்தபோது மில்லிங் கத்தி விட்ட தடம். வெல்டிங் செய்த பிறகும் அந்தத் தடம் அழியாமல் இருக்கிறது என்றால், அங்கே வெல்டிங் நடக்கவே இல்லை.

இழுவிசைச் சோதனையில் ஏன் தெரியவில்லை என்று வழக்கம்போலக் கேட்டார்கள். 6061-டி6 போன்ற, வெப்பத்தால் வலுவேற்றிய கலவைகளில், வெல்டிங்குக்குப் பக்கத்தில் உள்ள வெப்பத் தாக்கப் பகுதி மென்மையாகிவிடுகிறது. இழுத்தால் அங்கேதான் அறும். அடியில் இருக்கும் சின்னப் பிளவுக்குப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. வண்டியின் அதிர்வு நாள் முழுக்க மடக்கி நிமிர்த்தும்போதுதான் அது வாய் திறக்கிறது. இந்த இடத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுழல்வேகத்தையும் நகர்வேகத்தையும் மாற்றி மாற்றி இழுவிசை வரைபடம் போடும் ஆய்வேடுகள் குவிந்து கிடக்கின்றன. திரும்பத் திரும்பச் சுமையேற்றிப் பார்க்கும் களைப்புச் சோதனை ஒன்று, அடிப்பக்க வளைப்பு ஒன்று சேர்த்தால்தான் என்ன? தொழிற்சாலைக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு எண்கள்தான்.

வெப்பத் தாக்கப் பகுதியின் அந்த மென்மையைப் பாகத்தை வடிவமைப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள். டி6 நிலை அலுமினியத்தில் வெல்டிங் முடிந்த நிலையில் இணைப்பின் வலிமை, தாய் உலோகத்தின் வலிமையில் பெரும்பாலும் 70 முதல் 80 சதவீதம்தான். உருகாததால் வலிமை முழுதாக இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தடிமனைக் குறைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கை வெல்டிங் செய்பவர் தலையில் கட்டக் கூடாது.

காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இப்போது யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் பழைய மில்லிங் இயந்திரத்தில் கருவியை மாட்டிக்கொண்டு தொடங்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: இயந்திரத்தின் சுழலச்சு எவ்வளவு அச்சுவிசையைத் தாங்கும் என்று பார்த்தீர்களா? சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத்துக்கே பல கிலோநியூட்டன் விசை கீழ்நோக்கி வேண்டும். மில்லிங் இயந்திரம் பக்கவாட்டில் சீவுவதற்குச் செய்தது. விசையைத் தாங்காமல் சுழலச்சின் தாங்கி (பேரிங்) கொஞ்சம் பின்வாங்கினாலே முளை மேலேறிவிடும். அடியில் மறுபடியும் அந்தப் பட்டை.

ஆகவே, தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். இணைக்கும் ஓரங்களில் ஆக்சைடையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வெல்டிங்குக்குச் சற்று முன்பு நீக்குங்கள், முந்தைய வாரம் அல்ல. பலகைகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். தடிமனில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினாலே நிறுத்துங்கள். முளையின் நீளத்தை ஒவ்வொரு பணிமுறையின் தொடக்கத்திலும் அளந்து பாருங்கள். தேய்ந்த கருவியை ‘இன்னும் ஒரு தொகுதி’ ஓட்டும் சிக்கனம் வேண்டாம். விசைக் கட்டுப்பாடு உள்ள இயந்திரமாக இருந்தால் அதை இயக்கி வையுங்கள்; பதிவைத் தானாக அழியவிடாதீர்கள். தொடங்கும் இடத்தையும், கருவி வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளையையும் பாகத்துக்கு வெளியே, வெட்டி எறியும் நீட்சியில் வையுங்கள். மின்வில்லின் கண்கூசும் ஒளி இல்லை என்பதற்காகப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். ஓரத்தில் பிதுங்கும் உலோகம் கத்திபோல் அறுக்கும், சுடவும் செய்யும்.

தரநிலை இருக்கிறது, ஐஎஸ்ஓ 25239. அலுமினியத்துக்கென்றே 2011-இல் வந்தது. அதன் நான்காம் பகுதி செயல்முறைக்கான தகுதிச் சோதனையைப் பற்றியது, ஐந்தாம் பகுதி ஆய்வைப் பற்றியது. வாங்குபவர்களே, ஒப்பந்தத்தில் ‘எக்ஸ்ரே’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு தொகுதியிலும் அடிப்பக்க வளைப்புச் சோதனையும் குறுக்குவெட்டைப் பளபளப்பாக்கிப் பார்ப்பதும் வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு துண்டு வீணாகும். அவ்வளவுதான்.

எல்லாம் செய்தும் விரிசல் வந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன். உடைந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியாகப் பொதிந்து அனுப்புங்கள். பொருந்துகிறதா என்று ஒன்றோடொன்று வைத்து அழுத்திப் பார்க்காதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள். போன தடவை ஒருவர் நல்ல எண்ணத்தில் உடைந்த முகத்தை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி அனுப்பியிருந்தார். அதில் நான் பார்க்க எதுவும் மிச்சமில்லை.