கருந்துளையைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்

சென்ற வாரம் ஒரு பள்ளியில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் நோட்டில் வரைந்த படத்தைக் காட்டினாள். நடுவில் தாள் கிழியும் அளவுக்குப் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கிய வட்டம். தொட்டித் தண்ணீர் ஓட்டை வழியே சுழன்று இறங்குவது போல நம் பால்வெளி அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "எப்ப சார் நம்மள முழுங்கும்?" என்று கேட்டாள். காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து பிள்ளை சரியாகத் தூங்குவதில்லை என்றார் உடன் வந்த அம்மா. இதே கேள்வியோடு என்னிடம் வந்த பிள்ளைகள் பலர். இதற்கு மேலும் பேசாமல் இருப்பது தவறு என்பதால் எழுதுகிறேன்.

கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை. 'துளை' என்ற சொல்லைக் கேட்டதுமே சாக்கடை வாய் நினைவுக்கு வருவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதே நிறையுள்ள வேறு எந்தப் பொருளும் தொலைவிலிருந்து எவ்வளவு ஈர்க்குமோ, கருந்துளையும் அவ்வளவுதான் ஈர்க்கும். சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை வைத்தால் நாம் குளிரில் உறைந்துபோவோம். ஆனால் பூமியின் சுற்றுப்பாதை மாறாது. பால்வெளியின் மையத்தில் இருப்பது ஏறத்தாழ 40 லட்சம் சூரிய நிறை கொண்ட கருந்துளை. எஸ்2 என்னும் விண்மீன் அதை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018 மே மாதம் ஏறத்தாழ 1,800 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கடந்து, தன் பாதையிலேயே விலகிச் சென்றது. அவ்வளவு அருகில் போன விண்மீனே விழுங்கப்படவில்லை. நாமோ 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறோம்.

விழுங்குவதையே பேசிக்கொண்டிருப்பதால், கருந்துளைகள் உண்மையில் தம் விண்மீன் மண்டலத்துக்குச் செய்வது மக்கள் காதில் விழுவதே இல்லை. கருந்துளையைச் சூழ்ந்த, ஒளிகூடத் தப்ப முடியாத 'நிகழ்வு எல்லை'க்குள் போனது எதுவும் திரும்பாது. ஆனால் அதற்கு வெளியே சுழலும் வாயுவில் ஒரு பகுதி, உள்ளே போகாமலேயே காற்றாக வெளித்தள்ளப்படுகிறது. சுமார் 200 கோடி ஒளியாண்டுகள் தொலைவிலுள்ள பி.டி.எஸ். 456 என்னும் குவாசரின் (மையக் கருந்துளையைச் சுற்றும் வாயுவால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையம்) எக்ஸ் கதிர்களை ஆற்றல் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில், இரும்பு அணுக்களால் ஏறத்தாழ 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கதிர் குறைந்து விழவேண்டிய பள்ளம் 9-ஐ ஒட்டி நகர்ந்திருக்கிறது. வாயு நம்மை நோக்கி ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகத்தில் வந்தாலொழிய அந்த நகர்வு நேராது. 2015இல் நூஸ்டார், எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் தொலைநோக்கிகள் இக்காற்று ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் வீசுவதைக் காட்டின. பத்தாண்டுகள் கழித்து ஜப்பானின் எக்ஸ்ரிசம் தொலைநோக்கி, அது ஒரே சீராக வீசாமல் வெவ்வேறு வேகமுள்ள திரள்களாக வருவதைப் பிரித்துக் காட்டியது.

விண்மீன்கள் பிறக்கத் தேவையானது குளிர்ந்த வாயு. மார்க்கேரியன் 231 என்னும் மண்டலத்திலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 700 சூரியன்களின் நிறையளவுக்கு அந்த வாயு வெளியேறுவதாக 2010இல் அளந்தார்கள்; அங்கே புதிய விண்மீன்களாக மாறும் வாயுவைவிட இது அதிகம். பெர்சியஸ் என்னும் மண்டலக் கொத்தின் நடு மண்டலத்தில், காற்றைவிட, கருந்துளையின் அருகிலிருந்து குறுகிப் பீறிடும் தாரைகளின் வேலையே பெரிது. சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி, சுற்றியுள்ள வெப்ப வாயுவில் அவை ஊதிய குமிழ்களைக் காட்டியது. அந்த வாயு குளிர்ந்து விண்மீன்களாவதை அவை தடுத்து வருகின்றன. மையக் கருந்துளையின் நிறைக்கும், அதன் ஈர்ப்பை உணரவே முடியாத தொலைவிலுள்ள விண்மீன்களின் வேகத்துக்கும் நெருங்கிய பொருத்தம் இருப்பது 2000இல் தெரியவந்தது. இத்தகைய வெளித்தள்ளலே அதற்குக் காரணம் என்பது வலுவான விளக்கம், ஆயினும் முடிந்த முடிவல்ல.

இதைப் படித்துவிட்டு, 'மண்டலங்களைக் கொல்லும் காற்று' என்று அடுத்த காணொளிக்குத் தலைப்பு வைத்துவிடாதீர்கள். வெளியேறும் வாயுவுக்குள்ளேயே விண்மீன்கள் பிறப்பதையும் 2017இல் கண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்களே, 'உறிஞ்சும்' என்ற சொல்லைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். தொட்டித் தண்ணீர் உவமையை இனி எடுக்காதீர்கள். காணொளி செய்பவர்களே, பயமுறுத்திப் பார்வையாளர்களைச் சேர்ப்பதற்கு முன் தொலைவையும் நிறையையும் ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் கிளப்பிவிடும் பயத்தைச் சுமப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான். ஜூன், ஜூலை மாதங்களில் நிலவில்லாத இரவில் பிள்ளையை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். விருச்சிகத்தின் கொடுக்குக்குச் சற்று இடப்பக்கம், தனுசின் திசையில்தான் அந்த 40 லட்சம் சூரிய நிறை இருக்கிறது. நமது கருந்துளை இப்போது அடங்கிக் கிடக்கிறது என்றும், அதைச் சுற்றி விண்மீன்கள் தத்தம் பாதையில் போய்க்கொண்டிருக்கின்றன என்றும் அங்கேயே நின்று சொல்லுங்கள். அந்த மாணவியின் நோட்டில், வட்டத்திலிருந்து வெளிநோக்கி நாலைந்து அம்புக்குறிகள் போட்டுக் கொடுத்தேன். "அப்போ இது ஊதுமா சார்?" என்று கேட்டாள்.