குளிர்பதனக் கிடங்கில் பனி உருக்குதல்: வால்வுகளுக்கு ஒரு வரிசை உண்டு

இந்தியப் பெருங்கடலில் பிடித்த சூரை மீனைக் கப்பலிலேயே உப்புநீரில் உறைய வைத்து, மொரீசியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கிடங்கில் அது −18 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறக்கூடாது. பெரிய கிடங்குகளில் இந்தக் குளிரைத் தருவது பெரும்பாலும் அம்மோனியா. சாதாரணக் காற்றழுத்தத்தில் −33 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் இது. ஒரு கிலோ ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பம் ஏறத்தாழ 1,370 கிலோஜூல்; 0 டிகிரியில் இருக்கும் 4 கிலோ தண்ணீரைப் பனிக்கட்டியாக்க அது போதும்.

தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரியில் மொரீசியஸ் காற்று முழுக்க ஈரம். கிடங்குக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஈரம் உள்ளே போய்க் குளிர்ச்சுருளின் (உள்ளே அம்மோனியா ஓடும் குழாய்ச் சுருள்) தகடுகளில் பனியாகப் படிகிறது. பனி வெப்பத்தைத் தடுக்கும், காற்றோட்டத்தையும் அடைக்கும். சக்‌ஷன் அழுத்தம் (சுருளிலிருந்து கம்ப்ரஸர் இழுக்கும் வாயுவின் அழுத்தம்) இறங்கும், மின்செலவு ஏறும், அறை மட்டும் குளிராது. பனி உருக்கும் டைமரை வருடம் முழுக்க ஒரே அளவில் விட்டுவைப்பது தவறு. ஈரம் குறைந்த ஜூலையில் தேவையில்லாமல் உருக்கினால் அந்தச் சூடும் அறைக்குள்தான் போகிறது.

உருக்குவதற்குக் கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான அம்மோனியா வாயுவையே சுருளுக்குள் விடுவார்கள். முதலில் சுருளுக்குத் திரவ அம்மோனியாவை விடும் திரவ வால்வை மட்டும் மூட வேண்டும். மின்விசிறிகள் ஓடட்டும். சுருளில் மிச்சமிருக்கும் திரவம் கொதித்து வெளியேற 15, 20 நிமிடம் பிடிக்கும். பெரிய சுருளுக்கு இன்னும் கூடுதல். அவசரப்பட்டு இந்த நேரத்தைக் குறைப்பதுதான் விபத்துக்கு வழி. பிறகு விசிறியை நிறுத்தி, சக்‌ஷன் வால்வை மூடி, சிறிய வால்வு வழியாக வாயுவை மெல்ல விட்டு அழுத்தத்தை ஏற்ற வேண்டும். பெரிய வால்வு அதற்கப்புறம்தான். கேஜில் (அழுத்தமானியில்) 5 பார் காட்டினால், உள்ளே வாயு சுமார் 10 டிகிரியில் திரவமாகும். அப்போது வெளிவிடும் வெப்பம் பனியைக் குழாயோடு ஒட்டிய இடத்திலிருந்தே கழற்றும். தகடுகளுக்கு நடுவே வெண்மை கலைந்து, பனி பாளம் பாளமாகக் கீழ்த்தட்டில் விழும்.

திரவம் மிச்சமிருக்கும்போது பெரிய வால்வைத் திறந்தால், பாய்ந்து வரும் வாயு அந்தத் திரவத்தை ஒரே திரளாகத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயின் மூடிய முனையில் மோதும். இரும்புக் குழாயே வெடிக்கலாம். வெளியேறும் ஒரு லிட்டர் திரவம் 700 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது; தண்ணீரின் சூட்டில் அது இன்னும் வேகமாக ஆவியாகும். சிறு கசிவைத் தேட எரியும் கந்தகத் திரி உதவும்: அம்மோனியா பட்ட இடத்தில் வெள்ளைப் புகை எழும்.

உருக்கி முடிந்ததும் சக்‌ஷன் வால்வைச் சட்டென்று திறக்கக்கூடாது. சிறிய வால்வு வழியாக அழுத்தத்தை இறக்கிய பிறகே திறக்க வேண்டும். அடுத்து திரவ வால்வு; விசிறி கடைசியாக. தகட்டில் ஒட்டியிருக்கும் நீர்த்துளிகள் உறைவதற்குள் விசிறி ஓடினால் அவை மீன் பெட்டிகள் மேல் தெறிக்கும்.

பனி போயும் அறை குளிரவில்லையா? ஆயிலைப் பாருங்கள். கம்ப்ரஸர் ஆயில் அம்மோனியா திரவத்தைவிடக் கனமானது. சுருளின் அடியில் தங்கிவிடும். குளிரில் கூழாக இறுகியிருக்கும் அதை, உருக்கிய கையோடு, சூடு ஆறுவதற்குள் வடிப்பது எளிது. கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு வழியாக, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வடிந்து முடியும்வரை அங்கேயே நின்று வடிக்க வேண்டும்.