காலவரம்பு: வழக்குத் தொடர நாள் குறிக்கும் சொல்

ஒரு குறைக்காக நீதிமன்றத்தை நாட எத்தனை ஆண்டுகள் வரை இடமுண்டு என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. வழக்கறிஞர்கள் இதை ‘லிமிட்டேஷன்’ என்பார்கள். தமிழில் காலவரம்பு, காலவரையறை, காலக்கெடு, காலாவதி என்று நான்கு சொற்கள் இதற்குக் கலந்து புழங்குகின்றன. நான்கும் ஒன்றல்ல. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் வளர்ந்தபின் இழப்பீடு கேட்டுத் தொடரும் உரிமையியல் வழக்குகளில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

லிமிட்டேஷனின் வேர், இலத்தீனில் ‘லீமெஸ்’. வயல்களுக்கு நடுவே எல்லையாக ஓடும் பாதைக்கு அது பெயர். தமிழ் ‘வரம்பு’ம் முதலில் வயலின் வரப்புதான், பிறகே எல்லா எல்லைகளுக்கும் பொதுவானது. ரோமானியர்களோ சட்டத்தில் இதற்கு வேறு சொல்லை வைத்திருந்தார்கள்: ‘பிரேஸ்கிரிப்டியோ’, அதாவது முன்னால் எழுதப்பட்டது. வழக்கின் ஆவணத்தில் தலைப்பில் எழுதப்படும் குறிப்பைச் சுட்டிய சொல் அது. கி.பி. 424இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் பெரும்பாலான வழக்குகளுக்கு 30 ஆண்டு எல்லை வகுத்தார். இங்கிலாந்தின் 1623ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்கு ஆறு ஆண்டு, அடிதடிக்கு நான்கு, அவதூறுப் பேச்சுக்கு இரண்டு என்று பிரித்தது. சிறுவர்கள் உரிய வயதை எட்டும்வரை இந்தக் கணக்கு ஓடாது என்றும் அதில் இருந்தது. அந்தச் சலுகைதான் இன்றைய சிக்கலுக்கும் தொடக்கம்.

இனி நான்கு சொற்களுக்கு வருவோம். காலக்கெடு, விண்ணப்பத்துக்கும் வரி கட்டுவதற்கும் பொருந்தும். காலவரையறை தவறில்லை, ஆனால் ‘வரையறை’ என்றதும் இலக்கணம் கூறுதல் என்ற பொருளும் கூடவே வந்து நிற்கிறது. காலாவதிதான் என்னை உறுத்துவது. காலம், அவதி என்ற இரு வடசொற்களின் கூட்டு அது. ‘அவதி’க்கு எல்லை என்று பொருள். ஆனால் மருந்துப் புட்டியில் படித்துப் படித்து, உள்ளே இருப்பதே கெட்டுவிட்டது என்ற எண்ணத்தைத்தான் அந்தச் சொல் இப்போது தருகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்திலிருந்து பரவிய பொதுச்சட்ட மரபில், காலம் கடந்தால் பொதுவாகத் தடைபடுவது நீதிமன்றத்தில் தீர்வு கேட்கும் வழி மட்டுமே; இழைக்கப்பட்ட தீங்கோ, அதனால் பிறந்த உரிமையோ இல்லாமல் போவதில்லை. இல்லாமல் போன உரிமைக்கு உயிர் கொடுப்பது கடினம். அடைத்த வழியைப் பின்னொரு சட்டம் திறந்துவிடலாம். ஆகவே காலவரம்பு என்பதே பொருத்தம். காலம் கடந்ததால் தொடர முடியாத வழக்கைச் சுட்டும் ‘டைம் பார்டு’ என்பதற்குக் ‘காலந்தடுத்த வழக்கு’ என்று எழுதலாம்.

ஏன் இப்படி ஒரு வரம்பு? சாட்சிகள் இறந்துபோவார்கள், ஆவணங்கள் தொலையும், எவரையும் ஆயுள் முழுதும் வழக்கு பயத்தில் வைத்திருக்கக் கூடாது என்பவை வழக்கமான காரணங்கள். கடன், ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அவை நியாயமானவையே. சிறுவயதுக் கொடுமைக்குப் பொருந்தாது என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு கணக்குத் தந்தது. அங்கே 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையத்திடம் பேசியவர்கள், நடந்ததை முதன்முதலில் யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தை இதனருகே வைத்துப் பாருங்கள். இழப்பீட்டு வழக்குக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டால் மூன்று ஆண்டு. சிறுவருக்கு அந்தக் கணக்கு 18 வயதில் தொடங்கும். ஆக 21 வயதில் கதவு சாத்தப்படும். எதிர்வாதி வாயே திறக்காவிட்டாலும், காலந்தடுத்த வழக்கை நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு.

எத்தனை ஆண்டு என்பதைவிட, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே இங்கு பெரிய கேள்வி. இதற்குப் பிறந்ததுதான் ‘டிஸ்கவரி ரூல்’. ‘அறிதல் விதி’ எனலாம். தன் இன்றைய துன்பத்துக்கு அன்றைய கொடுமையே காரணம் என்று பாதிக்கப்பட்டவர் உணர்ந்த நாளிலிருந்து கணக்கு ஓடும். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992இல் இதை ஏற்றது. இங்கிலாந்திலோ அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1993இல், 18 வயதுக்குப்பின் ஆறு ஆண்டு, அதற்குமேல் ஒரு நாளும் கிடையாது என்று தீர்ப்பளித்தது. தன் தவறை அந்த அவையே ஒப்புக்கொண்டு மாற்ற 2008 ஆயிற்று.

வரம்பையே எடுத்துவிட்ட இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015இலும், ஸ்காட்லாந்து 2017இலும் இத்தகைய வழக்குகளுக்கு அதை நீக்கின. அமெரிக்க மாநிலங்கள் பல வேறொரு வழி கண்டன. ‘லுக்பேக் விண்டோ’ எனப்படும் அதை ‘மீள்வாய்ப்புக் காலம்’ எனலாம்: குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும், பழைய கணக்கில் காலந்தடுத்த வழக்குகளையும் தொடரலாம். நியூயார்க் மாநிலம் 2019இல் வரம்பை 55 வயதுக்கு உயர்த்தியதோடு அத்தகைய வாய்ப்பையும் திறந்தது. ஓராண்டு என்று தொடங்கியது 2021 ஆகஸ்ட் வரை நீண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்தன.

குற்றவியல் வழக்குக்கு இந்தச் சலுகை செல்லாது. காலம் முடிந்துபோன குற்ற வழக்கைப் புதுச் சட்டத்தால் எழுப்ப முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003இல் கூறிவிட்டது. உரிமையியலிலும் எல்லா மாநிலங்களும் ஒத்துப்போகவில்லை. காலவரம்பால் எதிர்வாதிக்குக் கிடைத்த பாதுகாப்பு அவருடைய நிலைபெற்ற உரிமை, அதைச் சட்டமன்றம் பறிக்க முடியாது என்று யூட்டா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2020இல் மீள்வாய்ப்புச் சட்டத்தை ரத்துசெய்தது. மேரிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2025இல், காலந்தடுத்த வழக்குகளுக்கு வழி திறந்த தன் மாநிலச் சட்டம் செல்லும் என்றது.