கைவினை பியர் எண்டு ஒண்டு இல்ல

சின்ன ஆலையள் செய்யிற 'கிராஃப்ட் பியர்' எண்டதுக்கு 'கைவினை பியர்' எண்டு எழுதுறத தயவுசெய்து ஆராவது நிப்பாட்டுங்கோ. இந்த சீசனுக்கு திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு மெனுவில கண்டன், சரி போகட்டும் எண்டு விட்டன். பிறகு ஒரு செய்தியில கண்டன். பிறகு யூடியூப்ல ஒரு தம்பி 'கைவினைக் கலைஞர்கள் தயாரிக்கும் பியர்' எண்டே சொல்லிட்டார், ஏதோ பிரம்புக் கதிர பின்னுற மாதிரி. இனி பொறுக்க ஏலாது.

முதல்ல சொல்லின்ட கதைய சுருக்கமா சொல்லிடுறன். ஆங்கிலத்தில 'கிராஃப்ட்' எண்டதுக்குப் பழைய பொருள் பலம், வலு. ஜெர்மன்ல இண்டைக்கும் அதுதான் பொருள். ஆங்கிலத்தில மட்டும் அது போகப் போக திறமை, தொழில்நுணுக்கம் எண்டு திரும்பிட்டுது. கை எண்ட கதை அந்தச் சொல்லுக்குள்ள இல்லவே இல்ல. நாங்கள்தான் தமிழில கைய ஒட்டி வச்சிருக்கிறம். விண்வெளிக்குப் போறதுக்கும் ஆங்கிலத்தில இதே 'கிராஃப்ட்'தான் வருது, அத விண்கலம் எண்டு அழகா சொல்லுறம், 'விண்கைவினை' எண்டு ஒருத்தரும் எழுதேல்ல. சூனியத்துக்கும் அங்க 'விட்ச்கிராஃப்ட்' எண்டு அதே வால்தான். அங்கயெல்லாம் பொருளப் பாத்து எழுதின ஆக்கள் பியருக்கு வந்தவுடன ஏன் அகராதியில முதல் வரியோட நிண்டுட்டினம்?

சரி, கையால செய்யிற பியர்தானே எண்டு கேக்கிறவைக்கு ஒரு விஷயம். பார்லிய நனைச்சு முளைக்க விட்டுக் காயவச்சா அது மோல்ட். அத உடைச்சு சுடுதண்ணியில ஊறவச்சா இனிப்பான கஞ்சித்தண்ணி மாதிரி ஒண்டு வரும். அத ஹொப்ஸ் எண்ட கசப்புப் பூவப் போட்டுக் கொதிக்க வச்சு, ஆறவச்சு, மதுவம் விட்டுப் புளிக்க விடுறது. மதுவம் எண்டா ஈஸ்ட், எங்கட விஞ்ஞானப் புத்தகத்தில படிச்ச நல்ல சொல், மறந்துடாதேங்கோ. இது முழுக்க எவர்சில்வர் டாங்கிக்குள்ள, பம்பு, குழாய், வெப்பமானி எல்லாத்தோடயும் நடக்கிறது. கனடாவில ஒரு சின்ன ஆலையில வேல செய்யிற என்ர மச்சான் சொல்லுவான், கையால செய்யிற வேல எண்டா ரெண்டுதானாம்: டாங்கி கழுவுறது, அவிஞ்ச பார்லிச் சக்கைய சவலால அள்ளி மாட்டுக்காரனுக்குக் குடுக்கிறது. அதுக்குக் கைவினை எண்டு பேர் வச்சா மாடுகூடச் சிரிக்கும்.

அப்ப 'கிராஃப்ட்' எண்டு என்னத்தத்தான் சொல்லுறாங்கள்? ஆலை ஆருக்குச் சொந்தம், எவ்வளவு பெருசு, இந்த ரெண்டும்தான். அமெரிக்காவில பியர் ஆலைக்காரர்ட சங்கம் ஒண்டு இருக்கு, அவையின்ட வரைவிலக்கணப்படி வருசத்துக்கு 6 மில்லியன் பீப்பாய்க்கு மேல போகக்கூடாது, வேற பெரிய மதுக் கொம்பனிக்கு அதில 25 வீதத்துக்குக் குறைவான பங்குதான் இருக்கலாம். கையப் பற்றி ஒரு எழுத்து இல்ல. 6 மில்லியன் பீப்பாய் எண்டா கிட்டத்தட்ட 70 கோடி லீட்டர், அதையும் சின்னன் எண்டுதான் சொல்லுறாங்கள். முந்தி 2 மில்லியன்ல இருந்த எல்லைய 2011ல இப்பிடி இழுத்து விட்டது, வளந்த ஆக்கள் வெளிய போகக்கூடாதெண்டுதான்.

உதாரணத்துக்கு சியரா நெவாடாவ எடுங்கோ. கலிபோர்னியாவில சிக்கோ எண்ட ஊர். கென் கிராஸ்மன் எண்டவர் 1976ல வீட்டில பியர் செய்யிற ஆக்களுக்கு சாமான் விக்கிற கடை போட்டார், பிறகு பால் பண்ணையில கழிச்சு விட்ட டாங்கியள வாங்கி வெட்டி ஒட்டி 1980ல கூட்டாளி ஒருத்தரோட ஆலையத் தொடங்கினார். கஸ்கேட் எண்ட அமெரிக்க ஹொப்ஸின்ட தோடம்பழத் தோல் மணத்தோட அவங்கட பேல் ஏல் எண்ட இளநிற பியர் வந்து, பிறகு வந்த எத்தினயோ ஆலைக்கு அதுதான் வழிகாட்டி. இப்ப நாட்டின்ட மற்றக் கரையில, வட கரோலினாவிலயும் பெரிய ஆலை இருக்கு. ஆனாலும் குடும்பச் சொத்து, அதால இண்டைக்கும் 'கிராஃப்ட்'. இன்னொரு பக்கம் சிக்காகோவில கூஸ் ஐலண்ட் எண்டு 1988ல தொடங்கின ஒண்டு. 2011ல பட்வைசர் செய்யிற கொம்பனிக்கு 38.8 மில்லியன் டொலருக்கு வித்தாங்கள். அதே டாங்கி, அதே ஆக்கள், அதே பியர், ஆனா பெரிய கொம்பனிக்குப் போனதால சங்கத்தின்ட கணக்கில 'கிராஃப்ட்' இல்ல! அந்த ஆக்களின்ட கையில இருந்த வினை எங்க போனது எண்டு இந்த 'கைவினை' மொழிபெயர்ப்பாளர் ஆராவது சொல்லட்டும் பாப்பம்.

என்ர சொல் 'சிற்றாலை பியர்'. ஆலை எண்டது கரும்பாலை காலத்தில இருந்து இருக்கிற சொல், அரிசி ஆலை எண்டு இண்டைக்கும் எல்லாரும் சொல்லுறது, ஆருக்கும் விளக்கம் குடுக்கத் தேவையில்ல. சியரா நெவாடா சின்ன ஆலையா எண்டு கேப்பீங்கள், நியாயமான கேள்விதான், ஆனா உலகம் முழுக்க விக்கிற ராட்சசக் கொம்பனியளுக்குப் பக்கத்தில வச்சுப் பாத்தா சின்னன்தான். 'சுயாதீன பியர்' எண்டு ஒருத்தர் சொன்னார், சுயாதீனத் தொலைக்காட்சி எண்டு பேர் வச்சு அரசாங்கம் நடத்துற நாட்டில அந்தச் சொல்ல ஆர் நம்புறது? 'தனியாலை' எண்டா தனியார் பஸ் மாதிரித்தான் விளங்கும், லயன் பியரும் தனியார்தானே. சொந்தக்காரன் ஆர் எண்டது முக்கியமா வாற இடத்தில 'பெரிய கொம்பனிக்குப் போகாத சிற்றாலை' எண்டு நாலு சொல்லில எழுதுங்கோ, ஒண்டும் குறையாது. எல்லாத்துக்கும் ஒத்தச் சொல் வேணும் எண்டு நிக்கிறதாலதான் இந்தக் கூத்தெல்லாம். பியரையும் பியர் எண்டே விடுங்கோ, 'வாற்கோதுமைக் கள்' எண்டு தவறணையில போய்க் கேட்டா அடிதான் விழும்.

அதே மெனுவில இன்னும் கிடந்தது. ஹொப்ஸுக்கு 'துள்ளல்கள்'! அது ஒரு கொடியின்ட பூ ஐயா, கஞ்சா இருக்கிற குடும்பத்துக் கொடி, கசப்பும் வாசமும் அதில இருந்துதான் வருது. ஐபிஏக்கு, அதாவது 'இந்தியா பேல் ஏல்' எண்ட வகைக்கு, 'இந்திய வெளிறிய மது'. அது இந்தியாவில செய்யிறதில்ல, இங்கிலாந்தில இருந்து கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பின பேல் ஏல், நீண்ட பயணத்தில கெடாம இருக்க ஹொப்ஸ் கூடப் போட்டது. வெளிறிய எண்டா எங்களுக்கு ரத்தம் காணாத பிள்ளதான் ஞாபகம் வரும், இளநிறம் எண்டு சொன்னா போதும்.

ஆலைய 'வடிசாலை' எண்டு எழுதுறது இன்னும் மோசம். வடிசாலை எண்டா இஞ்ச சாராயம் வடிக்கிற இடம், ஆவியாக்கிக் குளிரவச்சு எடுக்கிறது. பியர் ஆவியாகிறதில்ல, புளிக்கிறது. வடிகட்டுறதையும் வடி எண்டுதானே சொல்லுறது எண்டு வாதாடலாம், ஆனா மதுவரித் திணைக்களத்தின்ட பாசையில பழகின சனத்துக்கு அது கசிப்புப் பக்கம்தான் இழுக்கும். 4.8 வீத லாகர் பியரையும் சாராயத்தையும் ஒரே சொல்லுக்குள்ள போட்டா குடிக்கிறவனுக்கும் குழப்பம், குடிக்காதவனுக்கும் குழப்பம்.

தனித்தமிழ்க்காரர் கோவிக்க வேண்டாம், உங்களுக்கும் ஒண்டு வச்சிருக்கிறன். பெரும்பாணாற்றுப்படை எண்ட சங்கப் பாட்டில வலைஞர் குடியில செய்யிற ஒரு பானம் வருது: அரிசிக் களிய அகன்ற தட்டில ஆறவச்சு, முளை கட்டின நெல்லில செய்த அடையக் கலந்து, ரெண்டு பகல் ரெண்டு இரவு விட்டு, சாடியில விளைய வச்சு, விரலால அலைச்சுப் பிழியிறது. முளைத்தானியம், மாப்பொருள், புளிப்பு, மூண்டும் இருக்கு, ஹொப்ஸ் மட்டும்தான் இல்ல. எங்கட கரையில வலை இழுக்கிற ஆக்களுக்கு இதச் சொன்னா பெருமைப்படுவினம். அதே பாட்டில 'தோப்பி' எண்டு ஒரு சொல்லும் கிடக்கு, நெல்லில செய்யிறது, 'இல் அடு கள்' எண்டு அடைமொழியோட, அதாவது வீட்டில ஆக்கின கள். இத சிற்றாலை பியருக்குத் தூக்கி வைக்கக்கூடாது, ஆலையும் வீடும் வேற. ஆனா வீட்டில தனக்குத் தானே செய்யிற பியருக்கு, கிராஸ்மன் கடை போடமுன்னம் செய்தது மாதிரியானதுக்கு, இதவிடப் பொருத்தமான பேர் இல்ல. அமெரிக்காவில அதுக்கு 1978ல சனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வழி விட்டார். இஞ்ச அனுமதிப் பத்திரம் இல்லாம தோப்பி போட்டா மதுவரிக்காரர் வந்து நிப்பினம், அவையின்ட தாளில தோப்பி எண்டு எழுத மாட்டினம், சட்டவிரோத மதுபானம் எண்டுதான் எழுதுவினம்.