'மறுத்ததால்' என்று எழுதும்போது

பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள், ராத்திரி தூங்குவதில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் வாய் திறந்தாள். டியூஷன் போகும் வழியில் ஒருவன் நான்கு மாதமாகப் பின்னால் வருகிறான். வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் காலை அப்பா பேப்பரை உரக்க வாசித்திருக்கிறார்: "காதலிக்க மறுத்ததால் மாணவிக்குக் கத்திக்குத்து."

"அந்தக்கா சரின்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான ஆலோசகராகப் பல வருடம் வேலை செய்த எனக்கு, சட்டென்று பதில் வரவில்லை. அவள் அந்தத் தலைப்பைத் தப்பாக வாசிக்கவில்லை. 'மறுத்ததால்' என்பதில் இருக்கும் 'ஆல்' காரணத்தைச் சொல்கிறது. அப்படியானால் குத்துக்குக் காரணம் அந்த மாணவியின் மறுப்பு. குத்தியவன் அந்த வாக்கியத்திலேயே இல்லை.

வரவேற்பறையில் கிடந்த பழைய பேப்பர்களை எடுத்துவந்தேன். இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். செய்தது யார், அவர் தலைப்பில் இருக்கிறாரா, யாருடைய படம் பெரிது என்று பார்த்துக்கொண்டே போனோம். பெண்ணுக்கு வயது, அழகு, கல்யாணம் ஆனவளா என்பதெல்லாம் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. ஆண் வெறும் 'வாலிபர்'. அவர் செய்தது 'வெறிச்செயல்'. வெறி என்றால் ஏதோ ஒரு கணத்தில் தலைக்கேறியது என்றாகிறது. நாள் கணக்காகப் பின்தொடர்ந்து, கத்தி வாங்கி, வழிமறித்தது எப்படி வெறியாகும்? 'நடத்தையில் சந்தேகம்: மனைவி வெட்டிக்கொலை' என்ற தலைப்பில் செத்தவளின் நடத்தைதான் விசாரணைக்கு வருகிறது.

இதையெல்லாம் காதல் என்று சொல்லும் 'ஒருதலைக்காதல்' என்ற சொல் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது. நம் பழைய இலக்கணம்கூட ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு, அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் வைத்தது. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, திரும்பச் செய்தால் 5 ஆண்டு வரை. பாலியல் நோக்கத்தோடு பின்தொடரப்படுகிறவர் 18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேரும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம்.

சொல்லை மாற்ற முடியாதா என்றால், முடியும். தமிழ்நாட்டில் 1998-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே முதலில் 'ஈவ் டீசிங்' இருந்தது; பிற்பாடு அதைப் 'பெண்களுக்குத் துன்புறுத்தல்' என்று மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்குக் கொடுத்த கையேடும் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லை விடச் சொல்கிறது.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்படியொரு செய்தியைப் பிள்ளைகள் முன்னால் வாசித்தால், "காலம் கெட்டுப்போச்சு, ஜாக்கிரதையா இரு" என்று முடித்துவிடாதீர்கள். "அவன் செய்தது குற்றம். உனக்கு இப்படி நடந்தால் எங்களிடம் சொல், படிப்பை நிறுத்தமாட்டோம்" என்று சொல்லுங்கள். என்னிடம் வந்த பெண் நான்கு மாதம் மறைத்தது பின்னால் வந்தவனுக்குப் பயந்து மட்டுமல்ல, படிப்பு நின்றுவிடும் என்றும்தான்.

கடைசியில் அந்தத் தலைப்பை அவளையே திருத்தி எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து எழுதினாள்: "பின்தொடர்ந்து மிரட்டியவர் மாணவியைக் கத்தியால் குத்தினார்." பென்சிலை வைத்துவிட்டு, "அம்மா வெளியிலதானே இருக்காங்க? கூப்பிடுங்க மேடம், நானே சொல்றேன்" என்றாள்.