மனக்காயம்: 'டிராமா'வுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

ஓக்கி புயல் அடித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் கூட்டம் நடந்தது. கடலில் தத்தளித்துக் கரை திரும்பியவர்களிடம் பேச வெளியூரிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அவர்கள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. பேசியவர் "இவர்களுக்கு இருப்பது டிராமா" என்றார். பெரும் ஆபத்துக்குப் பின் மனதில் தங்கிவிடும் பாதிப்பைத்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சட்டென்று சொல் வரவில்லை. "உங்களுக்கு டிராமா இருக்கு" என்று அப்படியே சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தவர். "நான் டிராமா ஒண்ணும் போடல்ல சாரே. எனக்கு உறக்கம் வரல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஆளு கரைக்கு வந்தாச்சு. மனசு இப்பவும் கடல்லதான் கெடக்கு."

அந்தப் பிழை என்னுடையது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விடவில்லை.

முதலில் எழுத்து. ஆங்கிலத்தில் நாடகத்தைக் குறிக்கும் டிராமாவும் (drama), காயத்தைக் குறிக்கும் ட்ராமாவும் (trauma) வேறு வேறு ஒலியில் தொடங்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் 'ட'தான். எழுதினாலும் சொன்னாலும் ஒன்றுபோலவே இருக்கும். நம் பேச்சில் 'டிராமா' என்றால் நாடகம், 'டிராமா போடாதே' என்றால் நடிக்காதே. இரவெல்லாம் உறங்க முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் "உனக்கு டிராமா" என்றால், நீ நடிக்கிறாய் என்றுதான் அவர் காதில் விழும்.

இரண்டுமே கிரேக்கச் சொற்கள். நாடகத்தைச் சொல்லும் சொல்லுக்கு மூலப்பொருள் 'செய்கை'. மற்றதற்கு மூலப்பொருள் 'காயம்', வேறொன்றுமில்லை. ஈட்டி குத்தினாலும் கல் விழுந்தாலும் உடம்பில் ஏற்படுவது அது. ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்தபோதும் உடற்காயத்துக்கான மருத்துவச் சொல்லாகத்தான் வந்தது. இன்றும் பெரிய மருத்துவமனைகளில் விபத்தில் அடிபட்டவர்களைக் கொண்டுபோகும் பிரிவை 'ட்ராமா கேர்' என்கிறார்களே, அதுதான் அந்தப் பழைய பொருள்.

மனதுக்கு இந்தச் சொல் வந்த வழியில் ரயில் தண்டவாளம் கிடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் சிலருக்கு வெளியே பெரிய அடி இருக்காது. ஆனால் நடுக்கம், கெட்ட கனவு, வேலை செய்ய முடியாத சோர்வு எல்லாம் இருக்கும். ஜான் எரிக் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர் 1866-ல் இதைப் பற்றி எழுதினார். முதுகுத்தண்டு குலுங்கியதால் வருவது என்று நினைத்தார். இழப்பீட்டு வழக்குகள் வந்தன. பணத்துக்காக நடிக்கிறார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. 1889-ல் ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம், காயத்தைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லையே நோயின் பெயரில் சேர்த்தார். அவரையும் சக மருத்துவர்கள், நடிப்பவர்களுக்கு இடம் கொடுக்கிறார் என்று எதிர்த்தார்கள்.

அப்புறம் முதல் உலகப் போர். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் கை கால் உதறிய வீரர்களின் நிலையை 1915-ல் பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' (குண்டு அதிர்ச்சி) என்ற பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். அதே போரில், ஓடிப்போனவர், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களையே சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ல்தான் அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. தொண்ணூறு ஆண்டு தாமதம். 1980-ல், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் இது பி.டி.எஸ்.டி. (PTSD) என்ற தனி நோயாக இடம் பிடித்தது.

ஆக, எந்த ஊருக்குப் போனாலும் இந்தச் சொல்லோடு 'நடிக்கிறான்' என்ற பழியும் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறது. நம் ஊரில் எழுத்தே அந்தப் பழியைச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் இதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்கிறேன். மொழிப்பற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது காரணம்.

சரி, என்ன சொல்? இப்போது புழக்கத்தில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

'அதிர்ச்சி' என்று பலர் எழுதுகிறார்கள். அதிர்வது ஒரு நொடி. மேளம் அதிரும், நின்றுவிடும். அலை தூக்கி எறிந்த நொடிக்கு அதிர்ச்சி பொருந்தும். ஆறு மாதம் கழித்து, மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடப்பதற்குப் பொருந்தாது.

'மன அழுத்தம்' இன்னும் குழப்பம். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதையே எழுதுகிறார்கள், டிப்ரெஷனுக்கும் இதையே எழுதுகிறார்கள். டிப்ரெஷனுக்கு 'மனச்சோர்வு' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்பதற்கு இலத்தீன் வேரில் இறுக்கிக் கட்டுதல் என்று பொருள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் அதைத் 'தகைவு' என்று படித்திருப்போம். மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே 1936-ல் தொடங்கிய ஆய்வுகளுக்குப் பின்தான் அது மருத்துவத்தில் பரவியது. வள்ளத்தைக் கட்டிய வடம் விறைத்து நிற்பதைப் பார்த்தவருக்கு 'மன இறுக்கம்' என்றால் விளங்கும். 'உளைச்சல்' அதைவிட நெருக்கமானது. விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி நடந்தவருக்குக் கால் உளையும். படுத்து எழுந்தால் போகும். தினசரி வேலையின் பாரத்தைச் சொல்ல அது போதும். ஓய்வெடுத்தும் போகாத ஒன்றைச் சொல்லத்தான் வேறு சொல் வேண்டும்.

'வடு' அழகான சொல். அழகுக்காகவே பலர் 'மனவடு' என்று எழுதுகிறார்கள். ஆனால் வடு என்பது ஆறி முடிந்தபின் மிஞ்சும் தழும்பு. "தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு" என்ற குறளில் இரண்டு சொல்லும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தீ சுட்டது புண், அது ஆறும். நாக்கு சுட்டது வடு, அது ஆறாது. இப்போதுதான் அடிபட்டு வந்தவரிடம் 'வடு' என்றால், இனி மாறாது என்று தீர்ப்புச் சொன்னதுபோல் ஆகிவிடும். அன்று கூட்டத்தில் நான் சொன்ன ஒரு சொல்லும் நாவினால் சுட்டதுதான் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மிஞ்சுவது புண்ணும் காயமும். புண் தானாகவும் வரும். வயிற்றுப்புண், வாய்ப்புண் எல்லாம் அப்படித்தான். காயம் என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று தாக்கியிருக்கிறது என்று பொருள். "காயம் பட்டிருக்கு" என்றால் "எப்படிப் பட்டது?" என்றுதான் கேட்போம், "ஏன் நடிக்கிறாய்?" என்று யாரும் கேட்கமாட்டோம். ஆகவே 'மனக்காயம்'. 'உளக்காயம்' என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் கூட்டத்தில் பேசும்போது மனசுதான் சட்டென்று போய்ச் சேரும்.

காயத்தோடு சேர்ந்து வரும் வினைச்சொல் 'ஆறு'. இது தமிழில் எங்கெல்லாம் வருகிறது பாருங்கள்! காயம் ஆறுகிறது, சோறு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, மனசு ஆறுகிறது. டீக்கடையில் ஆற்றிக் கொடுக்கிறார்கள். துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிறோம். சூடு தணிவதும் காயம் குணமாவதும் மனம் அடங்குவதும் நமக்கு ஒரே வினை. அதற்கு நேரம் வேண்டும் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை" என்பார்கள்.

இந்தப் பழமொழி மனநல உதவிக்கு அப்படியே பொருந்தும். 1980-களில், விபத்து நடந்த சில நாட்களுக்குள் தீயணைப்பு வீரர்களையும் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறை ஒன்று பரவியது. நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யக்கூடும் என்று ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழியைச் சொல்கிறது: பார், கேள், சேர்த்துவிடு. ஆபத்து இருக்கிறதா, உடனடித் தேவை என்ன என்று பார். அவராகப் பேசினால் கேள், தோண்டாதே. குடும்பத்தோடும் உதவியோடும் சேர்த்துவிடு. தண்ணீர், போர்வை, வீட்டுக்கு ஒரு போன், இவையே முதல் மருந்து.

பெரும்பாலோருக்கு வாரங்கள் போகப்போகத் தானே ஆறிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்த்தால், எதற்கெடுத்தாலும் திடுக்கிட்டால், மனம் மரத்துப் போனால், மருத்துவரிடம் போக வேண்டும். அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஆலோசனை சொல்பவரை 'ஆற்றுப்படுத்துநர்' என்கிறோம். இந்த 'ஆறு' வேறு. வழி என்று பொருள். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உண்டு. வள்ளலைக் கண்டு பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பசியோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுவான். போய் வந்தவன், போகவேண்டியவனுக்குச் சொல்வது. ஆபத்தான வேலை செய்பவர்களுக்கு உதவும்போது இதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டு வந்த என் பேச்சைவிட, போன புயலில் சிக்கி மீண்ட இன்னொரு கடல்காரரின் பேச்சு அவர்களுக்குள் எளிதாக இறங்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு 108 ஆம்புலன்ஸ் பைலட் (ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) இருக்கிறார். பைக்கில் வந்த இரண்டு பிள்ளைகளை மார்த்தாண்டம் பக்கத்தில் சாலையிலிருந்து எடுத்தவர். வண்டித் தரையைத் தானே மூன்று முறை கழுவினார். இப்போதும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளிப்போய் நிற்பார். பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அவரைவிட மூத்த பைலட் ஒருவர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "எனக்கு டெட்டால் வாசம் ஆகாதுடே" என்றாராம். அன்றுதான் வாய் திறந்தார். தனக்கு நேராமல், பிறருக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பார்த்து வரும் காயமும் காயமே என்பதை அமெரிக்க மனநலக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. உடல்களை எடுப்பவர்களை அது எடுத்துக்காட்டாகவே சொல்கிறது.

ஒரு சொல் மட்டும் இன்னும் இடிக்கிறது. பி.டி.எஸ்.டி. என்ற அந்த நோயின் பெயரைத் தமிழில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்' என்று எழுதுகிறார்கள். 'பிந்தைய' என்றால் சம்பவம் முடிந்துவிட்டது என்று பொருள். பைலட்டுக்கு முடிந்ததா? அடுத்த அழைப்பு வந்தால் அதே சாலைதான். பனையிலிருந்து விழுந்து பிழைத்த பனையேறிக்கு, பதநீர்க் காலம் வந்தால் அதே பனைதான். காயம் பட்ட இடமே வேலை செய்யும் இடமாகவும் இருப்பவர்களுக்கு 'பிந்தைய' என்பது பாதி உண்மை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அன்று எழுந்து போன அதே ஆள்தான். சில வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். துண்டுத்தாளில் திருத்தி எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன்: "உங்கள் மனதில் காயம் பட்டிருக்கிறது. காயம் ஆறும்." அவர் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். தூண்டில் கயிறு அறுத்த காயம், ஓரம் வெளுத்து இன்னும் மூடாமல் இருந்தது.

"ஆறும்தான் சாரே. ஆனா உப்புத் தண்ணியில கைய வச்சிட்டே இருந்தா எப்படி ஆறும்? கடலுக்குப் போகாம எப்படி இருக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. அவரே கண்டுபிடித்தார். முதலில் கரையில் உட்கார்ந்து வலை கட்டினார். மாசி முடிந்து, தம்பியின் வள்ளத்தில் கரை தெரியும் தூரம் மட்டும் போய் வந்தார். ஆழ்கடல் தங்கலுக்கு மறுவருடம்தான் போனார், அதுவும் இரவில் தனியாகக் காவல் இருக்கமாட்டேன் என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.