முதுகுவலி, முன்கோபம், மூன்று மணி விழிப்பு

கோத்தகிரியில் ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரையோ, கேத்தியில் விடியுமுன் கேரட் மூட்டை ஏற்றுபவரையோ நிறுத்தி, "மனசுக்கு ஏதாவது கஷ்டமாண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பார். பெரும்பாலும் அவர் மறைப்பதில்லை, அவருக்கே அது சோகமாகத் தெரிவதில்லை. இடுப்பு வலிக்கிறது, பிள்ளை சத்தம் போட்டால் கை ஓங்கத் தோன்றுகிறது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. இவை மூன்றும் மனச்சோர்வு என்ற ஒரே இடத்திலிருந்து வரக்கூடும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனச்சோர்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காணப்படுகிறது. ஆனால் இந்தியாவில் 2022-ல் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். நோய் அவர்களிடம் குறைவு என்றால் சாவு மட்டும் ஏன் இத்தனை? கடன், குடி, குடும்பத் தகராறு என்று காரணங்கள் பல இருக்கின்றன. இன்னொன்று, நோயே கண்ணில் படாமல் போவது. அதைப் பற்றி அமெரிக்காவில் 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. அழுகை, சோகம், ஆர்வமின்மை என்ற வழக்கமான அறிகுறிகளோடு கோபம், குடி, கண்மூடித்தனமான துணிச்சல் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். ஆண், பெண் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்படியானால், ஆண்களின் நோயில் ஒரு பகுதி நாம் தேடாத இடத்தில் இருந்திருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். பந்தலூர் பக்கம் விடிகாலையில் பால் ஊற்றப் போகிறவரின் எதிரே யானை நின்றால், மூளையின் அடியில் உள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். ஓடுவதற்கான சக்தி கிடைக்கும். யானை காட்டுக்குள் போனபின், அதே கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பி வந்து "போதும், நிறுத்து" என்று சொல்லும். அருமையான ஏற்பாடு, ஆபத்துக்கு ஒரு முடிவு இருக்கும் வரை.

பச்சைத் தேயிலை விலைக்கு அப்படி முடிவு இல்லை. வங்கித் தவணை, மகளின் கல்லூரிக் கட்டணம், அடுத்த மாதம் பேக்டரியில் என்ன விலை போடுவார்கள் என்ற கவலை எல்லாமே அதே சுரப்பிகளைத்தான் தட்டுகின்றன, வாரக்கணக்கில், மாதக்கணக்கில். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். மனச்சோர்வு வந்த பலரிடம் கார்ட்டிசாலின் "போதும், நிறுத்து" என்ற சேதியும் இப்படித்தான் பிடிமானம் இழக்கிறது. ராத்திரியில் தணிந்திருக்க வேண்டிய அளவு தணிவதில்லை.

அப்புறம் வலி. செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற மூளை வேதிப்பொருட்களுக்கு மனநிலையில் பங்கு உண்டு. முதுகுத்தண்டு வழியாக மேலே ஏறிவரும் வலிச் சேதியை அடக்குவதும் இவையே. இந்த அடக்கும் வழி தளர்ந்தால் நேற்றுவரை தாங்கிய மூட்டை இன்று முதுகைப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. "சும்மா சொல்றான்" என்று யாராவது சொன்னால் அது அறியாமை. அந்த வலி நிஜம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் தாங்களே ஒரு மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குளிருக்கு என்று சொல்லி ஒரு குவாட்டர். மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளின் வேலையைக் கூட்டுவதால் தூக்கம் சட்டென்று வரும். ஆனால் கல்லீரல் அதை வெளியேற்றத் தொடங்கியதும், அதுவரை அமுக்கப்பட்டிருந்த, மூளையைத் தூண்டும் குளூட்டமேட் என்ற பொருள் துள்ளி எழும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், நடுராத்திரியில் கண் திறந்துவிடும். மறுநாள் எரிச்சல், சாயங்காலம் மறுபடி குவாட்டர். தினமும் குடிப்பவர் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். வலிப்பு வரக்கூடும், டாக்டரின் துணையோடுதான் விட வேண்டும்.

மழை மாதத்தில் எல்லாருக்கும் மனசு இப்படித்தான் இருக்கும் என்று மலையில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் முழுதாக ஏற்கவில்லை. நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில், ஐரோப்பாவைப் போல இங்கே பகல் பெரிதாகச் சுருங்குவதில்லை. ஆனால் ஆடி மழைக்குப் பயந்து நாள் முழுக்க உள்ளே அடைந்து கிடந்தால் உடம்பின் கடிகாரத்துக்கு வெளிச்சம் போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொன்னால் வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ், மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். குடை பிடித்தாவது காலையில் அரை மணி நேரம் நடப்பது நல்லது.

சரி, இதைக் கவனிப்பது எப்படி? உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே மூளையில் ஒரு வேலை செய்கிறது. கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. சொல் கிடைத்தபோது, அபாயத்தை உணரும் அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது, நெற்றிப் பக்க மூளை கூடுதலாக வேலை செய்தது. ஆகவே "கோபமா வருது" என்பதோடு நிற்காமல், "விலை இல்லாததில் பயம்", "தம்பி முன்னால் அவமானம்" என்று ஒரு படி உள்ளே போய்ப் பார்ப்பது வெறும் பேச்சு அல்ல.

எதிலும் ஆர்வமின்மை, மனத்தளர்ச்சி, தூக்கக் கோளாறு, ஓயாத எரிச்சல் போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நண்பரிடம் கேட்பதானால் மனசில் தொடங்காமல் தூக்கத்தில் தொடங்குங்கள். டீக்கடையில் எதிரே உட்காருவதைவிட, கூட நடக்கும்போதோ கொழுந்து மூட்டை தூக்கும்போதோ கேட்பது எளிது: "என்ன மச்சான், ராத்திரி தூக்கம் வருதா?" செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. வருகிறது என்றால் அவரைத் தனியே விடாதீர்கள்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டாக்டர் தைராய்டையும் சோதிக்கச் சொல்லலாம், அது குறைந்தாலும் இதே சோர்வு வரும். மாத்திரை எழுதினால் முதலில் தூக்கமும் பசியும் சீராகும், மனசு தெளிய நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் மாற்றம் முதலில் தெரியும், அவருக்குத் தெரியாது. "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று அவர் இரண்டாவது வாரத்தில் மாத்திரையை விடப் பார்ப்பது அதனால்தான். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அதன்பின் டாக்டரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.